விடுமுறை வேண்டும், கூலியோடு வேண்டும்

ஆகஸ்ட் 9 உலகப் பழங்குடிகள் நாள் என்று ஐக்கிய நாடுகள் பொதுச்சபை 1994-லேயே அறிவித்துவிட்டது. பழங்குடிகள் உரிமைப் பிரகடனம் 2007-இல் வாக்கெடுப்புக்கு வந்தபோது ஆதரித்த 144 நாடுகளில் இந்தியாவும் ஒன்று. நியூயார்க்கில் உயர்ந்த அந்தக் கை ஊர் திரும்பியதும் இறங்கிவிட்டது. தமிழ்நாட்டில் ஆகஸ்ட் 9 இன்னும் வேலை நாள்தான். காரணம் புரியாத விஷயமல்ல. 2011 கணக்கெடுப்புப்படி இங்கே பழங்குடிகள் சுமார் 8 லட்சம் பேர், அதாவது நூற்றுக்கு ஒருவர். ஓட்டுக் கணக்கில் எடுபடாத எண்ணிக்கை!

“நாம் எல்லோருமே இந்த மண்ணின் பூர்வகுடிகள்தானே, இவர்களுக்கு மட்டும் தனி நாள் எதற்கு?” என்று கேட்கிறார்கள். காதுக்கு இனிமையான கேள்வி. நாம் எல்லோரும் ஒன்று என்றால் பழங்குடிச் சான்றிதழுக்கு மட்டும் தாசில்தார் கையெழுத்து போதாது, கோட்டாட்சியர்தான் விசாரித்துத் தரவேண்டும் என்று ஏன் வைத்திருக்கிறீர்கள்? சேலம் மாவட்டத்தில் மலைவாழ் சனமான மலையாளி பட்டியல் பழங்குடி. ஈரோடு மாவட்டம் பர்கூர் மலையில் பிறந்த மலையாளிக்கு அந்தப் பட்டியலில் இடமில்லை. ஒரே சனம், நடுவில் ஒரு மாவட்ட எல்லை! பழங்குடி ஊரான வாச்சாத்தியை எண்ணிப் பாருங்கள். 1992 ஜூன் 20 அன்று சந்தனக்கட்டை தேடுகிறோம் என்று ஊருக்குள் புகுந்தவர்கள் 18 பெண்களை வன்கொடுமை செய்தார்கள். வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறை ஊழியர்கள் 215 பேர் குற்றவாளிகள் என்று தர்மபுரி நீதிமன்றம் சொல்ல 2011 ஆயிற்று. உயர் நீதிமன்றம் அதை உறுதிசெய்ய 2023 ஆயிற்று. அடிக்கும்போது இவர்கள் யாரென்று அடையாளம் தெரிந்த அரசுக்கு, நாள்காட்டியில் இடம் கொடுக்கும்போது மட்டும் எல்லோரும் பூர்வகுடியாகிவிடுகிறோம்.

இன்னொரு கேள்வி நியாயமானது; நம் தோழர்களே கேட்பது. “விடுமுறை சோறு போடுமா? பட்டா அல்லவா வேண்டும்?” பட்டாதான் வேண்டும். அந்தப் பட்டாவுக்காகத்தான் விடுமுறையும் கேட்கிறோம். 2006 வன உரிமைச் சட்டப்படி நில உரிமைக் கோரிக்கை தொடங்கும் இடம் கிராம சபை. அந்தச் சபை செல்லுபடியாக, உறுப்பினர்களில் பாதிப் பேராவது வந்திருக்க வேண்டும். வந்தவர்களில் மூன்றில் ஒரு பங்காவது பெண்கள் இருக்க வேண்டும். கூடலூரில் தேயிலைத் தோட்டத்துக்குக் கூலிக்குப் போகும் பணியர் பெண், ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு எப்படி வந்து உட்காருவாள்? கூட்டம் சேரவில்லை என்று எழுதிவைத்துவிட்டு அதிகாரி ஜீப்பில் ஏறிப் போய்விடலாம். ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 ஆகிய நான்கு நாளும் தமிழ்நாட்டில் கிராம சபை கூடுகிறது. 1958-ஆம் ஆண்டின் தேசிய, பண்டிகை விடுமுறைச் சட்டப்படி அதே நான்கு நாளும் தொழிலாளிக்குக் கூலியோடு கூடிய விடுமுறை. அப்படியானால் அந்த நாள்களே போதாதா என்பீர்கள். அன்று கூடுவது ஊராட்சி முழுமைக்குமான சபை. தெருவிளக்கு, குடிநீர், வரவு செலவுக் கணக்கு என்று போகும் கூட்டத்தில் பத்து வீட்டுப் பாடியின் குரல் எடுபடாது. வன உரிமைச் சட்டமோ அந்தந்தக் குடியிருப்பிலேயே சபை கூட்டச் சொல்கிறது. அதற்கென்று ஒரு தனி நாள் வேண்டும். வருடத்தில் ஒரு நாள் கூலி நஷ்டம் என்று எஸ்டேட் முதலாளி முனகினால் முனகட்டும்.

ஆகவே, அரசு ஊழியருக்கும் பள்ளிக்கூடத்துக்கும் மட்டும் லீவு விட்டு, மேடையில் நான்கு பேரை ஆடவைத்து, வேட்டி சேலை கொடுத்து அனுப்பும் நாளை நாம் கேட்கவில்லை. ஆகஸ்ட் 9-ஐ 1958 சட்டத்தில் ஐந்தாவது நாளாகச் சேர்க்க வேண்டும். அன்று ஒவ்வொரு பழங்குடிக் குடியிருப்பிலும் வன உரிமைக் கிராம சபை கூட வேண்டும். அதிகாரிகள் விண்ணப்பப் படிவத்தோடு அங்கே வரவேண்டும். வந்திருக்கும் நீங்கள் ஒவ்வொருவரும் உங்கள் ஊரின் அடுத்த கிராம சபையில் இதைத் தீர்மானமாக நிறைவேற்றி, நகலை முதலமைச்சருக்கு அனுப்புங்கள்.