மூட்டை தூக்குவதும் கணிதமே



1687-ல் நியூட்டன் 'பிரின்சிபியா' என்ற நூலை வெளியிட்டார். மரத்திலிருந்து விழும் காய்க்கும் வானத்துச் சந்திரனுக்கும் ஒரே விதிதான் என்று கணிதத்தால் நிலைநாட்டினார். ஆய்லரும் லக்ராஞ்சும் அந்தக் கணிதத்தை மேலும் வளர்த்தார்கள். 1788-ல் லக்ராஞ்சு எழுதிய இயந்திரவியல் நூலில் ஒரு படம்கூடக் கிடையாது, எல்லாம் சமன்பாடுகளே.

பட்டறையிலோ கேள்வி வேறு: எந்தச் சக்கரம் அதிக மாவு அரைக்கும்? இங்கிலாந்தின் பொறியாளர் ஸ்மீட்டன் மாதிரிச் சக்கரங்கள் செய்து அளந்தார். அதே நீர், அதே உயரம். அடியில் நீர் மோதும் சக்கரத்தைவிட, மேலிருந்து நீர் விழும் சக்கரம் ஏறத்தாழ இரு மடங்கு பயன் தருகிறது என்று 1759-ல் அறிவித்தார்.

ஏட்டையும் பட்டறையையும் இணைத்தவர்களில் ஒருவர் பிரான்சின் கொரியோலிஸ். விசையை, அது பொருளை நகர்த்திய தூரத்தால் பெருக்கி, அதற்கு 'வேலை' என்றே 1829-ல் பெயரிட்டார். 50 கிலோ மூட்டையை 2 மீட்டர் தூக்குவதும், 100 கிலோ மூட்டையை 1 மீட்டர் தூக்குவதும் ஒரே வேலை. மோட்டாரின் குதிரைச் சக்தியும் இந்த வேலையை நேரத்தால் வகுத்த கணக்கே.

ஒன்றைக் கவனியுங்கள். மூட்டையைத் தோளில் தாங்கி நாள் முழுவதும் அசையாமல் நின்றால், இக்கணக்குப்படி வேலை சைபர்! ஆனால் தோள் வலிக்கிறது, வயிறு பசிக்கிறது. கணக்கு பொய்யல்ல. இயந்திரத்தை அளக்கப் பிறந்த கணக்கு அது. மனிதன் படும் பாட்டை அளக்கப் போதாது.

சூத்திரம் காட்டி நம் உழைப்பை மதிப்பிட யார் வந்தாலும், அது எதை அளக்கிறது, எதை விட்டுவிடுகிறது என்று கேட்போம். கேட்பதற்காகவே கணிதம் கற்போம்!