கோழியிறைச்சியும் தேசிக்காய்ப் புளியும்



வெள்ளவத்தையிலோ கொட்டாஞ்சேனையிலோ கோழியிறைச்சி வாங்கிவந்தால், தேசிக்காய்ப் புளியும் மஞ்சளும் பிரட்டிக் குழாய்நீரிற் கழுவுவது நம் இல்லங்களின் வழக்கம். அதனால் வெடுக்கு நீங்கும். கிருமியும் நீங்குமா?

பச்சைக் கோழியில் நாம் அஞ்சவேண்டியவை சல்மனெல்லாவும் கம்பைலோபக்டரும் ஆகும். முன்னதை 1885இல் அமெரிக்காவிற் கண்டறிந்தவர் தியோபால்ட் சிமித்; பெயரோ அவருடைய தலைவரான சல்மனுக்குப் போயிற்று. அலுவலகங்களில் இது புதுமையன்று! இவ்விரு கிருமிகளும் கோழியின் குடலில் வாழ்பவை. உரிக்கும்போது தோலிற்பட்டு, இறகு பிடுங்கிய துளைகளுள் ஒளிந்துகொள்கின்றன.

அமெரிக்க இறைச்சிச்சாலைகளிற் குளிர்நீர்த் தொட்டியில் குளோரீன் கலப்பதுண்டு. குருதியும் கொழுப்பும் சேர்ந்தவுடன் அதன் வலு குன்றும். ஆதலால் இப்போது அங்கு பெரிதும் பயன்படுவது பெரசெற்றிக் அமிலம். வினாகிரியிலுள்ள அமிலமும் ஐதரசன் பேரொட்சைட்டும் சேர்ந்து உண்டாகும் இது, கிருமிகளைக் குறைக்குமேயன்றி முற்றாக அழிக்காது. ஐரோப்பிய ஒன்றியமோ 1997 முதல் கோழியிறைச்சிக்கு இத்தகைய மருந்துநீரை ஏற்பதில்லை. பண்ணையிலும் கொல்களத்திலும் துப்புரவு பேணாதவர் இறுதியில் இதில் முக்கிக் குறையை மறைக்கக்கூடும் என்பது அவர்கள் வாதம். அதில் நியாயம் உண்டென்றே நினைக்கிறேன்.

ஆலை மருந்தே அழிக்காததை அரைத் தேசிக்காய் அழிக்குமா? மேலும், கழுவுதலே கேடாகலாம். 2019இல் அமெரிக்க விவசாயத் திணைக்களம் வெளியிட்ட ஆய்வொன்றில், தீங்கற்ற அடையாளக் கிருமியைத் தடவிய கோழியைச் சமைக்கக் கொடுத்தார்கள். கழுவியவர்களுள் நூற்றுக்கு 60 பேரின் தொட்டியில் அக்கிருமி காணப்பட்டது. 26 பேரின் பச்சையிலைக் கலவையிலும் இருந்தது. வியப்பு யாதெனில், கழுவாதவர்களுள்ளும் 31 பேரின் கலவையில் அது இருந்தது. கையைச் சரிவரக் கழுவாமையே அதற்குப் பெரிதும் காரணம்.

ஒரே தொட்டியுள்ள அடுக்குமாடிக் குசினியை எண்ணிப் பாருங்கள். கோழி கழுவிய இடத்திலேயே வல்லாரையை அலசி, அதே பலகையில் அரிகிறோம். கறி அடுப்பிற் கொதிக்கிறது; சம்பல் பச்சையாகவே குழந்தையின் கோப்பைக்குப் போகிறது. கம்பைலோபக்டர் சில நூறு உட்சென்றாலும் வயிற்றோட்டம் வரலாம். அரிதாக நரம்புகளைத் தாக்கிக் கைகால்களை முடக்குவதும் உண்டு.

ஆகையால் சம்பலை முதலில் ஆக்கி மூடிவைத்துவிட்டுக் கோழியைத் தொடுங்கள். புளியும் மஞ்சளும் சுவைக்கு வேண்டுமாயின், சட்டியிலேயே பிரட்டி நேரே அடுப்பில் ஏற்றலாம். பலகையையும் கத்தியையும் கையையும் சவர்க்காரமிட்டுக் கழுவுங்கள். இறைச்சியின் உட்பகுதி 74 பாகை செல்சியசு வெப்பத்தை அடையவேண்டும். துண்டிட்டுக் கொதிக்கவைக்கும் கறியில் அது எளிது. முழுக்கோழி வாட்டுவோர் தொடையெலும்பின் அருகே பார்க்கவேண்டும்.