கேட் கம்ப்யூட்டர் ஏன் இரவில் மட்டும் 'ஹேங்' ஆகிறது?

(நமது பொதுக்குழுக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம். கேள்வி நேரத்திலிருந்து இரண்டு கேள்விகள் மட்டும் கடைசியில் சேர்க்கப்பட்டுள்ளன.)

செயலாளர் சார் எனக்குப் பத்து நிமிடம் கொடுத்திருக்கிறார். அடுத்த அஜெண்டா லாரித் தண்ணீர் பற்றியது என்பதால், அதற்கு மேல் பேசினால் நீங்களே என்னை உட்கார வைத்துவிடுவீர்கள்.

விஷயம் உங்களுக்குத் தெரியும். மெயின் கேட்டில் விசிட்டர் என்ட்ரி போடும் கம்ப்யூட்டர் இரவு பத்தரை, பதினொரு மணிக்கு மேல் நகர மறுக்கிறது. மவுஸ் அசைந்தால் அம்புக்குறி அரை நிமிடம் கழித்து வருகிறது. டெலிவரி பையன்கள் வரிசையில் நிற்கிறார்கள், கால் டாக்ஸிகள் ஹாரன் அடிக்கின்றன, சி பிளாக்கில் குழந்தைகள் எழுந்துவிடுகிறார்கள். பகலில் இந்தத் தொல்லை இல்லை. அதனால் எல்லோருக்கும் எளிதாகத் தோன்றிய பதில் என்ன? 'நைட் செக்யூரிட்டி அதில் ஏதோ சினிமா பார்க்கிறார்.' இது வாட்ஸ்அப் குழுவில் வந்தது, பிறகு சம்பவப் பதிவேட்டில் ஏறியது, பிறகு ஆளை மாற்றச் சொல்லி ஏஜென்சிக்கும் போனது. கூடவே புது கம்ப்யூட்டருக்கு 48,000 ரூபாய்க்கு ஒரு கொட்டேஷனும் வந்து கமிட்டி மேஜையில் இருக்கிறது.

கமிட்டி என்னைப் பார்க்கச் சொன்னது. நான் முதலில் கேட்டது: ஹேங் ஆகும் நேரத்தில் ரேம் எவ்வளவு நிரம்பியிருந்தது, ப்ராசஸர் எவ்வளவு ஓடியது என்று யாராவது பார்த்தீர்களா? யாரும் பார்க்கவில்லை. பார்க்கவும் முடியாது. டாஸ்க் மேனேஜர் என்று ஒன்று விண்டோஸில் இருக்கிறது; கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் வரும். நல்ல கருவிதான். ஆனால் அது காட்டுவது இந்த நிமிடத்தை. கம்ப்யூட்டர் திணறும்போது அதைத் திறப்பதே கஷ்டம். பவர் பட்டனை அமுக்கி மறுபடி போட்டால் சாட்சி எல்லாம் அழிந்துபோகிறது. காலையில் மேனேஜர் வந்து பார்க்கும்போது அது குளித்து முடித்த குழந்தை மாதிரி சுத்தமாக இருக்கும்.

அதனால், நிரல் ஓடிக்கொண்டிருக்கும்போதே அது தன்னையும் கம்ப்யூட்டரையும் அளந்து எழுதி வைக்க வேண்டும். விசிட்டர் சாஃப்ட்வேரைச் செய்து கொடுத்த நிறுவனத்திடம் இதைத்தான் கேட்டோம். அங்கிருக்கும் ஒரு இளம் பொறியாளர் ஒத்துழைத்தார். இருபது வரிக்கும் குறைவான சேர்க்கை. நிமிடத்துக்கு ஒரு முறை ஒரு சாதாரண டெக்ஸ்ட் ஃபைலில் ஒரு வரி விழும்: மணி, இந்த நிரல் எடுத்திருக்கும் நினைவகம், கம்ப்யூட்டர் மொத்தத்தில் பயன்பாட்டில் இருக்கும் நினைவகம், நிரலின் ப்ராசஸர் பங்கு, மொத்த ப்ராசஸர் பங்கு, அதுவரை பதிவான என்ட்ரிகள். நொடிக்கு நூறு முறை அளந்தால் அளப்பதே ஒரு சுமையாகிவிடும். நிமிடத்துக்கு ஒன்று நமக்கு தாராளம்.

இங்கே இரண்டு அளவுகளின் குணம் வேறு வேறு என்பதைச் சொல்ல வேண்டும். நினைவகம் நம் சம்ப் மாதிரி. மூடியைத் திறந்து பார்த்தால் இப்போது எத்தனை அடி தண்ணீர் என்று தெரிந்துவிடும். ப்ராசஸர் கரண்ட் மீட்டர் மாதிரி. மீட்டரில் ஒரு எண் இருக்கிறது என்றால், அது மீட்டர் வைத்த நாளிலிருந்து ஓடிய மொத்தம். இந்த மாதச் செலவு தெரிய வேண்டுமானால் போன ரீடிங் வேண்டும். ஆப்பரேட்டிங் சிஸ்டமும் அப்படித்தான் கணக்கு வைக்கிறது: கம்ப்யூட்டர் போட்டதிலிருந்து ப்ராசஸர் எவ்வளவு நேரம் வேலை செய்தது, எவ்வளவு நேரம் சும்மா இருந்தது. இரண்டு முறை கேட்டு, கழித்தால்தான் சதவீதம். அதனால் நிரல் முதன்முறை கேட்டதும் பூஜ்யமோ, மைனஸ் எண்ணோ வரலாம். அந்த முதல் வரியைத் தூக்கிப் போட்டுவிட வேண்டும்.

இன்னொரு சின்ன விஷயம். நம் கேட் கம்ப்யூட்டர் ப்ராசஸரில் நான்கு கோர்கள். ஒரு நிரல் பைத்தியம் பிடித்தமாதிரி ஒரே கோரில் சுற்றிக்கொண்டிருந்தாலும் விண்டோஸ் 25 சதவீதம் என்றுதான் காட்டும். அதே நிலையை லினக்ஸில் 'டாப்' என்ற கருவி 100 என்று காட்டும். நான்கு கோரும் ஓடினால் 400 வரை போகும். 25-ஐப் பார்த்து 'பரவாயில்லை, முக்கால்வாசி காலி' என்று நினைத்துவிடக் கூடாது.

இனி நடந்ததைச் சொல்கிறேன். பதிவைக் கேட்டதுமே நிறுவனம் கொஞ்சம் கோபத்தோடு ஒரு பதில் அனுப்பியது: 'எங்கள் நிரலில் ஏற்கெனவே நினைவக அளவு காட்டுகிறோம். நாள் முழுக்க 90 எம்.பி. தாண்டுவதில்லை.' நானும் போய்ப் பார்த்தேன். உண்மைதான், 90 எம்.பி. அவர்கள் பொய் சொல்லவில்லை. கேட்ட இடம்தான் வேறு. இந்த நிரல் ஜாவாவில் எழுதியது. ஜாவா நிரல்கள் ஆப்பரேட்டிங் சிஸ்டத்துக்குள் தனக்கென ஓர் அறை எடுத்துக்கொண்டு அதற்குள் குடித்தனம் நடத்துபவை. அந்த அறைக்குள் எவ்வளவு சாமான் என்று ஜாவாவிடம் கேட்டால் 90 என்கிறது. வராண்டாவில், மாடிப்படியில், மொட்டை மாடியில் இதே வீட்டுக்காரர் போட்டு வைத்திருக்கும் சாமான் அந்தக் கணக்கில் வராது. அதற்கு அசோசியேஷனைத்தான் கேட்க வேண்டும், அதாவது விண்டோஸை. ஜாவாவிலேயே அதற்கும் வழி இருக்கிறது. வேறொரு இடத்தில் கேட்க வேண்டும், அவ்வளவுதான்.

விண்டோஸைக் கேட்பதிலும் ஒரு சூட்சுமம். 'வொர்க்கிங் செட்' என்று ஓர் எண் தரும். அது ரேமில் இப்போது உட்கார்ந்திருக்கும் பங்கு. ரேம் நெருக்கடி வந்தால் விண்டோஸ் அதில் ஒரு பகுதியை ஹார்ட் டிஸ்கில் இருக்கும் பேஜ் ஃபைலுக்குத் தள்ளிவிடும். அப்போது அந்த எண் குறையும். நோய் முற்றும்போது ஜுரம் இறங்குவதுபோலத் தெரியும்! அதனால் 'கமிட்' என்ற எண்ணை எழுதச் சொன்னோம். எங்கே வைத்திருந்தாலும் சரி, நிரல் தனக்கென்று கேட்டு வாங்கிய மொத்தம் அது.

முதல் நாள் பதிவு இதுதான். காலை 6 மணிக்கு மேனேஜர் கம்ப்யூட்டரை ரீஸ்டார்ட் செய்தபின் நிரலின் நினைவகம் 240 எம்.பி. மதியம் 12-க்கு 1.7 ஜி.பி. மாலை 7-க்கு 3.7 ஜி.பி. இரவு 10.30-க்கு 5 ஜி.பி. இடையில் ஒரு முறைகூட இறங்கவில்லை. கம்ப்யூட்டரில் மொத்தமே 8 ஜி.பி.; விண்டோஸும் மற்றவையும் சேர்ந்து 3 ஜி.பி. ஐந்தும் மூன்றும் எட்டு. அதற்கு மேல் ஒவ்வொரு வேலைக்கும் ஹார்ட் டிஸ்குக்கு ஓடி ஓடித் திரும்ப வேண்டும். ப்ராசஸர்? ஹேங் ஆன அந்த நிமிடங்களில் மொத்தமே 9 சதவீதம், நம் நிரல் 2. கம்ப்யூட்டர் மும்முரமாக இருந்ததால் நிற்கவில்லை, டிஸ்குக்காகக் காத்திருந்து நின்றது.

நைட் செக்யூரிட்டி விஷயத்துக்கு முக்கியமான வரி வேறு. மொத்தப் பயன்பாட்டிலிருந்து நம் நிரலின் பங்கைக் கழித்தால் மிச்சம் காலையிலும் 3 ஜி.பி., நள்ளிரவிலும் 3 ஜி.பி. சினிமா ஓடியிருந்தால் பிரவுசரோ வீடியோ பிளேயரோ அந்த மிச்சத்தில் ஏறியிருக்கும், ப்ராசஸரும் ஏறியிருக்கும். பதினோரு நாள் பதிவில் ஒரு இரவுகூட அப்படி இல்லை. பகலில் சேர்ந்துகொண்டே வந்தது அவர் ஷிஃப்டில் வந்து நிரம்பியது. ஆறு மணி ரீஸ்டார்ட்டால் பகல் ஷிஃப்ட் எப்போதும் காலி சம்போடு ஆரம்பிக்கிறது. அவர் வந்து உட்காரும் எட்டு மணிக்கு அது முக்கால்வாசி நிரம்பியாகிவிட்டது.

எது நிரப்பியது? என்ட்ரி எண்ணிக்கையோடு நினைவகம் படி படியாக ஏறியது. மணிக் கணக்கோடு பொருந்தவில்லை. ஞாயிறு அன்று பிரியாணி டெலிவரி அதிகம், எட்டரைக்கே நின்றுவிட்டது. ஒரு புதன்கிழமை கேமரா கேபிளைக் கழற்றி, இரண்டு மணி நேரம் பெயர்களை மட்டும் டைப் செய்யச் சொன்னோம். கோடு தரையோடு படுத்துவிட்டது. அப்படியானால் போட்டோ. ஒவ்வொருவருக்கும் முகம் ஒன்று, வண்டி நம்பர் ஒன்று. 1280-க்கு 720 புள்ளிகள், புள்ளிக்கு 3 பைட்: 27,64,800 பைட். சுருக்காத படம் என்பதால் ஒன்றுக்கு சுமார் 2.7 எம்.பி. நாளைக்கு 900 பேர் என்றால் 1,800 படம், 5 ஜி.பி.க்கு ஒட்டி வருகிறது.

படங்களைக் கையாள அந்த நிறுவனம் ஓப்பன்சிவி என்ற இலவச நூலகத்தைப் பயன்படுத்துகிறது. அது படத்தை ஜாவாவின் அறைக்கு வெளியே வைக்கிறது. அறைக்குள் இருப்பது 'படம் அங்கே இருக்கிறது' என்ற துண்டுச் சீட்டு மட்டும். தேவையில்லாததைக் கூட்டிப் பெருக்க ஜாவாவிடம் ஆள் உண்டு. ஆனால் அந்த ஆள் தன் அறை நிரம்பினால்தான் விளக்குமாறை எடுப்பார். அறையில் இருப்பது துண்டுச் சீட்டுகள்தானே, அவருக்கு என்ன அவசரம்? வேலை முடிந்ததும் படத்தை விடுவிக்கும் ஒரு வரியை நிரல் எழுதியவரே போட வேண்டும். அந்த வரி இல்லை. நிறுவனம் இப்போது சேர்த்துவிட்டது. சேர்த்த நாளிலிருந்து இரவு பதினொரு மணிக்கும் 300 எம்.பி. சுற்றித்தான் நிற்கிறது.

வீட்டில் லினக்ஸ் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. அங்கே 'ப்ராக்' என்று ஒரு ஃபோல்டர் இருக்கும். உள்ளே இருப்பவை டிஸ்கில் கிடக்கும் ஃபைல்கள் அல்ல. நீங்கள் படிக்கும் கணத்தில் கெர்னல் எழுதிக் கொடுப்பவை. எந்த நிரலும் ஃபைல் படிப்பதுபோல் படித்துக்கொள்ளலாம். அதில் 'மெம்ஃப்ரீ' குறைவாக இருக்கிறதே என்று பயப்பட வேண்டாம். லினக்ஸ் காலி ரேமைச் சும்மா விடாமல், படித்த ஃபைல்களை அதில் வைத்திருக்கும், கேட்டால் திருப்பித் தரும். பார்க்க வேண்டியது 'மெம்அவைலபிள்'. 2014-இல் வந்த 3.14 கெர்னலிலிருந்து அது இருக்கிறது.

கமிட்டியிடம் மூன்று கோரிக்கைகள். புது கம்ப்யூட்டரை இப்போது வாங்க வேண்டாம். 16 ஜி.பி. போட்டிருந்தால் ஹேங் நின்றிருக்கும், அதையும் மறைக்காமல் சொல்கிறேன். தொடர்ந்து சில நாள் ரீஸ்டார்ட் செய்ய மறந்தால் திரும்பி வந்திருக்கும். அடுத்து, வருடப் பராமரிப்பு ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கும்போது, நிரல் தன் நினைவகத்தையும் ப்ராசஸரையும் ஆப்பரேட்டிங் சிஸ்டத்திடம் கேட்டு நிமிடத்துக்கு ஒரு முறை எழுத வேண்டும், அந்த ஃபைல் நம் கையில் இருக்க வேண்டும் என்று ஒரு ஷரத்து சேர்க்க வேண்டும். மூன்றாவது, சம்பவப் பதிவேட்டில் நைட் செக்யூரிட்டி பெயருக்கு எதிரே எழுதியிருப்பதைத் திருத்தி, ஏஜென்சிக்கும் எழுத்தில் அனுப்ப வேண்டும். ஏஜென்சிகள் அந்தப் பக்கத்தைப் பார்த்துத்தான் அடுத்த இடத்துக்கு ஆளை அனுப்புகின்றன. வாட்ஸ்அப் குழுவில் எழுதியவர்கள் அங்கேயே ஒரு வரி எழுதினால் நன்றாக இருக்கும்.

கேள்வி: சார், தினமும் இரண்டு முறை ரீஸ்டார்ட் செய்தாலே முடிந்ததே, இவ்வளவு எதற்கு?

பதில்: ஓட்டை வாளிக்கு அடிக்கடி தண்ணீர் பிடிக்கலாம், தப்பில்லை மேடம். ஆனால் ரீஸ்டார்ட் ஆக மூன்று, நான்கு நிமிடம். ஏழு மணிக்கும் பத்து மணிக்கும் நடுவில் எந்த நான்கு நிமிடத்தில் கேட்டை நிறுத்துவது? அதைவிட, ரீஸ்டார்ட் செய்து செய்துதான் காரணம் இத்தனை நாள் கண்ணில் படாமல் இருந்தது.

கேள்வி: இந்த ஃபைலை யார் உட்கார்ந்து படிப்பது? மேனேஜருக்கு ஏற்கெனவே தலைக்கு மேல் வேலை.

பதில்: முழுக்கப் படிக்க வேண்டாம். திங்கட்கிழமைதோறும் முந்தைய நாளின் இரண்டு வரிகளைப் பார்த்தால் போதும்: காலை 7 மணி வரி, இரவு 10 மணி வரி. நினைவகம் இரண்டிலும் கிட்டத்தட்ட ஒன்றாக இருந்தால் மூடி வைத்துவிடலாம். இரவு எண் காலை எண்ணைப் போல இரண்டு மடங்கு தாண்டினால் எனக்கோ நிறுவனத்துக்கோ ஒரு போன். அந்த இரண்டு எண்ணையும் டீசல் ஜெனரேட்டர் ரீடிங் எழுதும் அதே நோட்டில் எழுதிவிடலாம் என்று மேனேஜரே சொல்லியிருக்கிறார்.