தோணியும் கள்ளத்தோணியும்

எங்க தூத்துக்குடியில ‘தோணி’ன்னா பெருமை. கொழும்புக்கும் மாலத்தீவுக்கும் சரக்கு ஏத்திட்டுப் போற மரக்கலம் அது. முன்னால ‘கள்ள’ன்னு சேர்த்துப் பாருங்க, வசையாயிடும்.

இலங்கையில மலையகத் தமிழரை ‘கள்ளத்தோணி’ன்னு ஏசினாங்க. ஆனா அவங்க முன்னோர் ஒளிஞ்சு போகலை. பிரிட்டிஷ் ஆட்சியில தோட்ட வேலைக்கு ஆள் சேர்த்துக் கூட்டிட்டுப் போனாங்க. 1948-ல வந்த குடியுரிமைச் சட்டம் அவங்கள்ல பெரும்பாலானவங்களை நாடற்றவங்களா ஆக்கிடுச்சு. ‘தொழிலாளி’ன்னு சொன்னா உரிமையைப் பத்திப் பேசணும், ‘கள்ளத்தோணி’ன்னு சொன்னா விரட்டினாப் போதும்.

இன்னைக்கு நம்ம ஊருக்குக் கட்டட வேலைக்கு வர்றவரை நாம ‘வடக்கன்’னு சொல்றோம். என் வாயிலயும் அது வந்திருக்கு. அடுத்த தடவை அவர் பேரைக் கேட்போமா?