கானாங்கோழிக்கு ஒரு மாற்று வீடு



ஒருவருடைய வளவில் நிற்கும் பழைய புளியமரத்தை வீதி அகலிப்பதற்காகத் தறிக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். அதற்கு ஈடாக வேறோரிடத்தில் பத்துப் புளியங்கன்றுகள் நாட்டித் தருவதாக உறுதி கூறுகிறார்கள். ஒன்றுக்குப் பத்து, கணக்கின்படி உடையவருக்கு இலாபந்தான். ஆயினும் அவர் அந்தக் கன்றுகளைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "இதன் கீழ் நான் எப்பொழுது பாய் விரித்துப் படுக்கலாம்?" என்று கேட்பாரானால் அதற்கு விடை சொல்வது எளிதன்று. இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருளும் ஏறக்குறைய இக்கேள்வியே. ஆனால் மரத்துக்குப் பதிலாகச் சதுப்பு நிலத்தையும் ஓடையையும் வைத்துப் பேசப்போகிறேன். நிகழ்ந்த இடம் அமெரிக்க ஐக்கிய நாடுகள்.

இன்று ஒன்றோடொன்று தொடர்ந்து கிடக்கும் அந்நாட்டின் 48 மாநிலங்களில், 1780களில் ஏறத்தாழ 22 கோடி ஏக்கர் ஈரநிலம் இருந்தது என்று மதிப்பிட்டிருக்கிறார்கள். 1980களில் எஞ்சியது 10 கோடி ஏக்கருக்குச் சிறிதே கூடுதல். கலிபோர்ணியா மாநிலத்திலோ நூற்றுக்குத் தொண்ணூறு பங்கிற்கு மேல் மறைந்துபோயிற்று. இதில் வியப்பு எதுவுமில்லை. சதுப்பு நிலம் என்றால் நுளம்பு, காய்ச்சல், சேறு; அதனை வடித்து வயலாக்குபவன் ஊருக்கு நன்மை செய்பவன். அக்காலத்தில் இதுவே கற்றோரும் கல்லாதோரும் ஒருங்கே கொண்டிருந்த கொள்கை. நம்மவரும் இதற்கு விலக்கல்லர்.

கொள்கை மாறியது பின்னாளில். 1972 ஆம் ஆண்டில் தூய நீர்ச் சட்டம் நிறைவேறியது. ஈரநிலத்திலோ ஓடையிலோ மண்ணிட்டு நிரப்ப விரும்புபவர் இராணுவப் பொறியியற் படையிடம் அனுமதி பெறவேண்டும் என்பது அதன் ஒரு பிரிவு. 1988 இல் சனாதிபதித் தேர்தலில் நின்ற மூத்த ஜோர்ஜ் புஷ், இனிமேல் ஈரநிலத்தில் நிகர இழப்பு இராது என்று வாக்களித்தார். 1990 இல் அரசுத் திணைக்களங்கள் செய்துகொண்ட உடன்பாடு ஓர் ஒழுங்கை வகுத்தது. முதலில் சேதத்தைத் தவிர்க்கப் பார்க்கவேண்டும். தவிர்க்க இயலாதாயின் குறைக்கவேண்டும். குறைத்த பின்னும் எஞ்சுவதற்கு மட்டுமே வேறோரிடத்தில் ஈடுசெய்யலாம். எழுத்தில் இந்த ஒழுங்கு மிகவும் நேர்த்தியானது. நடைமுறையிலோ விருந்துக்கு வந்தவன் சோற்றை விட்டுப் பாயசத்துக்குத் தாவுவதுபோல, மூன்றாவது படிக்கே பலரும் நேரே தாவினர்.

மெக்சிக்கோ எல்லைக்கு அண்மையில் சான் டியேகோ என்னும் துறைமுக நகரம் இருக்கிறது. அங்குள்ள குடாவின் ஓரத்திலே சுவீற்வாட்டர் என்ற உவர்ச் சதுப்பு. 1980களில் அதன் பக்கமாகச் செல்லும் பெருந்தெருவை அகலிக்கவும், ஆற்று வெள்ளம் வடியக் கால்வாய் வெட்டவும் நேர்ந்தது; சதுப்பின் ஒரு பகுதி சேதமுற்றது. அங்கே வாழ்ந்தது வெளிர்ந்த கால்களையுடைய ஒருவகைக் கானாங்கோழி. 1970 ஆம் ஆண்டு முதலே அருகிவரும் இனமென்று அரசு பட்டியலிட்டுக் காத்துவரும் பறவை அது. ஆதலால், இழந்த இடத்துக்கு ஈடாக அப்பறவை கூடுகட்டி வாழத்தக்க புதிய சதுப்பை ஆக்கித்தர வேண்டுமென்று விதிக்கப்பட்டது.

இந்தக் கானாங்கோழி கூடு கட்டும் விதத்தைச் சற்று விரிவாகச் சொல்லவேண்டும். கதை முழுவதும் அதிலேதான் தங்கியிருக்கிறது. உவர்ச் சதுப்பிலே நாளுக்கு இருமுறை கடல் ஏறி இறங்கும். நிலத்திலே முட்டையிட்டால் வெள்ளம் கொண்டுபோய்விடும். பறவையோ மரத்தில் ஏறுவதன்று. எனவே அது ஸ்பார்ட்டினா என்னும் உயர்ந்த புல்லின் நடுவே, உலர்ந்த தண்டுகளைக் கொண்டு மிதக்கக்கூடிய கூட்டை அமைக்கிறது. நீர் ஏறும்பொழுது கூடும் ஏறுகிறது, இறங்கும்பொழுது இறங்குகிறது. சுற்றிலும் நிற்கும் புற்றண்டுகள், தோணியைக் கட்டிய முளைகள்போல், கூடு மிதந்து அகன்று போகாதபடி காக்கின்றன. மேலே வளைந்த இலைகள் பருந்தின் கண்ணை மறைக்கின்றன. புல் குட்டையாயின் பெருநீர் நாளில் கூடு புல்லுக்கு மேலாக எழும்பிவிடும். அவ்வளவில் எல்லாம் முடிந்தது. ஏறத்தாழ 90 சென்ரிமீற்றருக்கு மேல் உயர்ந்த தண்டுகள் போதிய நெருக்கமாக நிற்கவேண்டும் என்று ஆய்வாளர் கணித்தனர்.

பொறியியலாளர் தம் பணியைக் குறைவறச் செய்தனர். மண்கொட்டி நிரப்பியிருந்த மேட்டு நிலத்தை வெட்டித் தாழ்த்தி, கடல்நீர் ஏறி இறங்க வாய்க்கால் அமைத்து, 1984 இல் ஒரு சதுப்பையும் 1990 இல் மற்றொன்றையும் ஆக்கினர். ஸ்பார்ட்டினாப் புல்லையும் நட்டனர். புல் பிடித்தது, பசுமையாகப் பரவியது. பெருந்தெருவிலே காரில் செல்பவர் பார்த்தால், சதுப்பு மீண்டுவிட்டது என்றே சொல்லியிருப்பார். ஆனால் கானாங்கோழி அங்கே கூடுகட்ட வரவில்லை.

ஏன் வரவில்லை என்று ஆராய்ந்தவர்களுள் முதன்மையானவர் ஜோய் செட்லர் என்ற தாவரவியற் பேராசிரியை. அவரும் அவருடைய மாணவரும் புல்லை அளந்தனர், குட்டையாக இருந்தது. மண்ணைத் தோண்டி அளந்தனர். காரணம் அங்கே கிடந்தது. பழைய சதுப்பின் மண் நுண்ணிய களி. நெடுங்காலமாக விழுந்து மக்கிய இலையும் தண்டும் வேரும் அதிலே சேர்ந்திருந்தன. புல்லுக்கு வேண்டிய நைதரசன் அந்த மக்கிலேதான் தங்கியிருக்கும். புதிய சதுப்பின் மண்ணோ மணற்பாங்கானது. அது சத்தைப் பிடித்துவைக்க மாட்டாது. ஓட்டைப் பானையில் நீர் வார்ப்பது போன்றதே அதற்குச் சத்தூட்டுவது.

அப்படியானால் பசளை இடலாமே என்று நேயர்கள் நினைப்பீர்கள். அவர்களும் அப்படித்தான் நினைத்தார்கள். நைதரசன் பசளை இட்ட காலமெல்லாம் புல் உயர்ந்து வளர்ந்தது. நிறுத்தியதும் பழையபடி குறுகியது. வேறொரு தொல்லையும் கூடவே வந்தது. உமரி இனத்தைச் சேர்ந்த ஓராண்டுச் செடியொன்று, இட்ட பசளையைப் புல்லைவிட விரைவாக உண்டு கொழுத்து, புல்லை நெருக்கத் தொடங்கியது. செதிற்பூச்சிகள் புல்லிலே மொய்த்தன. பழைய சதுப்பில் அப்பூச்சிகளைத் தின்று அடக்கிவைக்கும் பொறிவண்டு இருந்தது. புதிய சதுப்பில் அவ்வண்டைக் காணோம். அது தங்குதற்கு வேண்டிய மேட்டுநிலப் புதர்கள் அருகில் இல்லாமையே காரணமாகலாம் என்று கருதினர். பறவைக்கு வேண்டியது புல், புல்லுக்கு வேண்டியது மண், மண்ணுக்கு வேண்டியது காலம், இடையிலே ஒரு வண்டு. ஒப்பந்தப் பத்திரத்தில் இவற்றுள் எதுவும் எழுதப்பட்டிருக்கவில்லை. பத்து ஆண்டு வரையில் திரட்டிய அளவீடுகளைத் தொகுத்து, 1999 இல் செட்லரும் அவருடைய உடனாய்வாளரும் வெளியிட்ட கட்டுரை, அண்மைக் காலத்தில் இச்சதுப்பு குறித்த இலக்கை எட்டும் என்று நம்ப இடமில்லை என்ற முடிவைத் தந்தது.

இதனைக் கேட்டு, அத்திட்டம் செய்தவர்கள் திறமையற்றவர் என்று எண்ணிவிடக்கூடாது. என் கருத்து நேர்மாறானது. சுவீற்வாட்டர் தோற்றது என்று நமக்குத் தெரிவதற்குக் காரணம், அங்கே வைத்த சோதனை கடுமையானது, சோதித்தவர்கள் நாணயமானவர்கள். பறவை வந்து வாழவேண்டும் என்பதே அங்கே நிபந்தனை. வேறு பல இடங்களில், நட்ட செடியில் நூற்றுக்கு இத்தனை பங்கு உயிரோடு நின்றால் போதும் என்று எழுதிவைத்தார்கள். அங்கெல்லாம் வெற்றி. 2001 இல் அந்நாட்டுத் தேசிய ஆராய்ச்சி மன்றம் இவ்விடயத்தை ஆராய்ந்து, நிகர இழப்பில்லை என்ற இலக்கு எய்தப்படவில்லை என்று அறிவித்தது. புதிதாகச் சதுப்பை ஆக்குவதிலும், முன்னர் சதுப்பாக இருந்து வடிக்கப்பட்ட நிலத்துக்கு நீரை மீட்டுக்கொடுப்பதே மேல் என்றும் அம்மன்றம் கூறியது. வடிகாலை அடைத்துவிட்டால் பழைய களிமண் அங்கேயே கிடக்கிறது. சிலவேளை பழைய வித்துகளும் கிடக்கின்றன.

ஓடைகளின் கதை இதனிலும் கடினமானது. அப்பலேச்சிய மலைநாட்டில் நிலக்கரி எடுப்போர் மலையுச்சியையே வெடிவைத்துத் தகர்த்து, கல்லையும் மண்ணையும் பக்கத்துப் பள்ளத்தாக்கில் தள்ளுவார்கள். அங்கே ஊற்றெடுக்கும் சிற்றோடைகள் அதன் அடியிலே புதைந்துபோகும். ஈடாக வேறோர் ஓடையின் கரையைச் சரிசெய்து, கல் அடுக்கி, மரம் நடுவார்கள். 2014 இல் வெளியான ஓர் ஆய்வு, 117 அனுமதிகளின் கீழ்ச் செய்த இத்தகைய 434 திட்டங்களின் பதிவுகளைப் பரிசீலித்தது. ஐந்தாண்டு கண்காணிப்பின் பின்னும், நூற்றுக்குத் தொண்ணூற்றேழு திட்டங்களில் வாழிடத்தின் தரம் நிறைவானதாக இல்லை. ஓடை என்பது நீர் ஓடும் பள்ளம் மட்டுமன்று. மேலேயுள்ள சரிவில் விழுந்த மழை மண்ணுள் இறங்கி, குளிர்ந்து, மெல்லக் கசிந்து வருவதன் பெயரே ஓடை. பள்ளத்தை இயந்திரம் ஒரு வாரத்தில் வெட்டும். சரிவை வெட்டித் தர எந்த இயந்திரமும் இல்லை.

இனி, 'வேறோரிடம்' என்ற சொல்லைப் பற்றி. 2008 இல் வகுத்த புதிய விதிகள், ஈரநில வங்கி என்னும் முறைக்கு முதலிடம் கொடுத்தன. ஒரு நிறுவனம் முன்கூட்டியே பெருநிலத்தைச் சீரமைத்து வைத்திருக்கும். கட்டடம் கட்டுவோர் அதிலிருந்து தமக்கு வேண்டிய பங்கை விலைக்கு வாங்குவர். சேதத்துக்கு முன்னரே சீரமைப்பு நடப்பதால் இது நல்ல முறையே. வாக்குறுதியை நம்பி இருக்கவேண்டியதில்லை. ஆனால் நிலம் மலிவான இடத்தில்தானே வங்கி அமையும்? புளோரிடாவைப் பற்றி 2006 இல் வெளியான ஆய்வொன்று, இம்முறையால் ஈரநிலங்கள் நகரங்களை விட்டு நாட்டுப்புறத்துக்கு இடம்பெயர்ந்தன என்று காட்டியது. பறவை பறந்து போய்ச் சேரலாம். வெள்ளம் அப்படிப் போகாது. கொழும்பு நேயர்களுக்கு இதனை விளக்கவேண்டியதில்லை. 2018 இல் ராம்சார் ஈரநில நகரம் என்ற சிறப்பைப் பெற்ற நகரம் அது. கொலன்னாவையில் ஒரு சதுப்பை நிரப்பிவிட்டு, அம்பாந்தோட்டையில் இரண்டு பங்கு ஆக்கித் தந்தால், அடுத்த பெருமழையில் கொலன்னாவை வீட்டுக்காரர் தம் கட்டிலை எங்கே தூக்கி வைப்பார்?

2023 இல் அமெரிக்க உயர்நீதிமன்றம் தீர்த்த வழக்கொன்றால், மேற்பரப்பில் ஆற்றோடோ ஏரியோடோ தொடர்ச்சியாக இணையாத ஈரநிலங்கள் பல மேற்சொன்ன சட்டத்தின் காவலிலிருந்து விலகிவிட்டன. மாநிலச் சட்டம் ஏதும் காவாத இடங்களில் அவற்றை நிரப்ப அனுமதியும் வேண்டியதில்லை, ஈடும் கொடுக்கவேண்டியதில்லை. குறையுள்ள ஈட்டைக் குறைகூறிக்கொண்டிருந்த அறிஞர்கள் பலர், இப்பொழுது அந்த ஈட்டுக்காகவே வாதாடும் நிலைக்கு வந்திருக்கிறார்கள்.

கானாங்கோழி என்னாயிற்று என்று கேட்பீர்கள். அது முற்றாக அழியவில்லை. கூண்டுகளில் இனம்பெருக்கிய குஞ்சுகளைக் கொண்டுபோய்ச் சதுப்புகளில் விடுகிறார்கள். உயர்ந்த புல் இல்லாத சில இடங்களில் சிறு மிதவைகளைச் செய்து, கடல் ஏறி இறங்கும்பொழுது அவையும் ஏறி இறங்குமாறு முளையடித்துக் கட்டியிருக்கிறார்கள். புல்லை எதிர்பார்த்துப் பறவை காத்திருக்க முடியாதல்லவா? அந்த மிதவைகளின்மீது அது கூடுகட்டுகிறது. ஆண்டுதோறும் சிலர் சேற்றில் இறங்கி, மிதவைகளைப் பழுதுபார்த்து, முளைகளை இறுக்கிவிட்டு வருகிறார்கள்.