விருந்துக்கு ஆகும் கணக்கு



திருவருகைக் காலம் தொடங்கிவிட்டது. கோயிலில் ஊதா மெழுகுதிரி ஏற்றுகிறோம். வீடுகளில் வேறொரு கணக்கு தொடங்கியிருக்கும். கிறிஸ்து பிறப்பு அன்று யார் யார் சாப்பிட வருவார்கள், கறி எத்தனை கிலோ, இலை எத்தனை என்ற கணக்கு.

போன வாரம் திருப்பலி முடிந்ததும் எங்கள் பங்கைச் சேர்ந்த ஒரு சகோதரி வந்தார். தையல்காரர். அவரிடம் கேட்டுவிட்டுத்தான் இதைச் சொல்கிறேன். "சாமி, இந்தக் கிறிஸ்துமசுக்கு நாத்தனார் ரெண்டு பேரு குடும்பமும் எங்க வீட்டுக்குத்தான் வாராங்க. மொத்தம் பதினெட்டுப் பேரு. குழுவுல கடன் எடுக்கப் போறேன், செபிச்சுக்கிடுங்க" என்றார்.

செபிப்பதற்கு முன் ஒரு தாளை எடுத்தேன். கறி 4 கிலோ, 3,600 ரூபாய். சீரகச் சம்பா, எண்ணெய், நெய், தேங்காய், மசாலா எல்லாம் சேர்த்து 3,000. கேக், முந்திரிக்கொத்து, அச்சுமுறுக்கு 2,000. சாப்பாடு இவ்வளவுதான். அதன் பிறகு நாத்தனார்களுக்குச் சேலை, பிள்ளைகளுக்கு உடுப்பு என்று எழுத எழுத 15,000 ஆகிவிட்டது. ஒரு ரவிக்கைக்கு அவருக்குக் கூலி 150 ரூபாய். "அப்போ நூறு ரவிக்கை, இல்லையா சாமி?" என்று அவரே சொல்லிவிட்டு, சற்று நேரம் பேசாமல் இருந்தார்.

கோபுரம் கட்ட நினைப்பவர் முதலில் உட்கார்ந்து செலவைக் கணக்கிடுவார் என்று ஆண்டவர் சொல்வது லூக்கா 14ஆம் அதிகாரத்தில். விருந்துக்கு உறவினரை அல்ல, ஏழைகளை அழையுங்கள் என்று சொல்வதும் அதே அதிகாரத்தில்தான். இரண்டாவதை நாங்கள் பீடத்திலிருந்து அடிக்கடி சொல்கிறோம். முதலாவதைச் சொல்வதில்லை. எங்கள் தெருக்களில் உறவினர்களே ஏழைகளாகத்தான் இருக்கிறார்கள். ஆகவே நாத்தனாருக்குச் சோறு போடுவதை நான் குறை சொல்ல மாட்டேன்.

கானாவூர்த் திருமணத்தை நினைத்துப் பாருங்கள். அங்கே இருந்த கற்சாடிகள் ஆறு. ஒவ்வொன்றும் ஏறத்தாழ 80 முதல் 120 லிட்டர் கொள்ளும். அதை வைத்து எத்தனையோ மறையுரை செய்திருக்கிறோம். ஆனால், இரசம் தீர்ந்துவிட்டது என்று வீட்டுக்காரர் மரியாவிடம் வந்து சொன்னதாக யோவான் எழுதவில்லை. அன்னை விருந்தாளியாகப் போனவர். போன இடத்தில் குறையைக் கண்டுகொண்டார். பந்தியில் இருந்தவர்களுக்குத் தெரியும்படி பேசவில்லை, மகனிடம் மட்டும் சொன்னார். பந்தி மேற்பார்வையாளருக்குக்கூடக் கடைசி வரை விஷயம் தெரியாது. அந்த வீட்டாரின் மானம் காப்பாற்றப்பட்டது.

இதை நான் 1991இல் இறையியல் வகுப்பில் படித்தேன். நல்ல மதிப்பெண்ணும் வாங்கினேன். அந்த ஆண்டு கிறிஸ்து பிறப்பு விடுமுறையில், ஊருக்குப் போக முடியாத மூன்று நண்பர்களை வீட்டுக்குக் கூட்டிப் போனேன். அம்மாவுக்கு ஒரு கடிதம் மட்டும் போட்டிருந்தேன். நாட்டுக்கோழிக் குழம்பு, கறி, பாயசம் என்று நான்கு நாள் விருந்து. நண்பர்கள் முன்னால் எனக்குப் பெருமை தாங்கவில்லை. இன்னும் கொஞ்சம் வை, இன்னும் கொஞ்சம் வை என்று கேட்டுக் கேட்டுச் சாப்பிட்டேன்.

அடுத்த முறை வீட்டுக்குப் போனபோது அம்மாவின் காதில் கம்மல் இல்லை. துளை தூர்ந்துவிடாமல் இருக்க வேப்பங்குச்சி செருகியிருந்தார். கேட்டதற்கு, "மெருகு போடக் கொடுத்திருக்கேன்" என்றார். அடகுக் கடைக்குப் போனதை அண்ணன்தான் பிறகு சொன்னார். விருந்து நடந்த நான்கு நாளும் அந்தக் குச்சி காதில் இருந்திருக்கிறது. கானாவைப் படித்த நான் அதைப் பார்க்கவில்லை. கம்மல் திரும்பி வரவும் இல்லை.

அந்தத் தையல்காரச் சகோதரியிடம், நாத்தனாரோடு மனம்விட்டுப் பேசிப் பாருங்கள் என்றேன். "கேவலமாப் போயிரும் சாமி" என்று பயந்தார். நான் வற்புறுத்தவில்லை. மூன்று நாள் கழித்து அவரே வந்து சொன்னார். மூத்த நாத்தனார், "நல்லவேளை நீயே கேட்டுட்டே. உன் பிள்ளைகளுக்குத் துணி எடுக்கணுமேன்னு நானும் கடனுக்குத்தான் அலையுறேன்" என்றாராம். இந்த ஆண்டு இரண்டு வீட்டுக்கும் துணி கிடையாது. அரிசியும் கேக்கும் மூத்தவர் கொண்டு வருகிறார். இளையவருக்கு மனத்தாங்கல், வருவதாக இன்னும் சொல்லவில்லை. அவர் வர வேண்டும் என்று நேயர்களே, நீங்களும் செபியுங்கள்.

நான் 26ஆம் தேதி அண்ணன் வீட்டுக்குப் போவது வழக்கம். நேற்று மதினியைத் தொலைபேசியில் அழைத்து, "மதினி, இந்தத் தடவை கறியை நான் வாங்கிட்டு வாரேன்" என்றேன்.

"சாமி கறிக்கடையில நின்னா ஊரு என்ன சொல்லும்?" என்று சிரித்தார். பிறகு, "நெஞ்செலும்பு சேத்து வெட்டச் சொல்லுங்க, ரெண்டு கிலோ போதும்" என்றார்.