வீட்டிலேயே ஒரு டி.சி. பவர் சப்ளை
(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை)



"செல்போன் சார்ஜரே அஞ்சு வோல்ட் தருதே சார், இதை ஏன் செய்யணும்?" என்று ஒரு தம்பி கேட்டார். நியாயமான கேள்விதான். சார்ஜருக்குள் 320 வோல்ட் டி.சி. நிற்கிறது, மீட்டர் பிடித்துப் பழகும் இடமல்ல அது. டிரான்ஸ்ஃபார்மர் சப்ளையில் அப்படியில்லை. பிரைமரி இணைப்புகளை ஸ்லீவ் போட்டு மூடி, பியூஸும் வைத்துவிட்டால், செகண்டரி பக்கம் தைரியமாக அளக்கலாம்.

டிரான்ஸ்ஃபார்மர், நான்கு 1என்4007 டயோடு, கெப்பாசிட்டர், 7805. ரிச்சி தெருவில் எல்லாமே கிடைக்கும். சர்க்யூட்டும் உங்கள் பாடத்திலேயே இருக்கிறது.

லோடு இல்லாமல் அளந்தால் எந்த சப்ளையும் 5 வோல்ட் காட்டும். அதைப் பார்த்து ஏமாறக் கூடாது! 10 ஓம், 5 வாட் ரெசிஸ்டரைக் கொடுத்து அரை ஆம்பியர் இழுத்துப் பாருங்கள்.

9 வோல்ட், 1 ஆம்பியர் டிரான்ஸ்ஃபார்மர் என்று வைத்துக்கொள்வோம். அதன் உச்சம் 12.7. இரண்டு டயோடுக்கு 1.4 போக 11.3. கெப்பாசிட்டர் 2200 மைக்ரோஃபாரட் என்றால், ரிப்பிள் சுமார் 2.3 வோல்ட், பள்ளத்தில் 9 வோல்ட் மிஞ்சும். 7805-க்கு 7 இருந்தால் போதும். சரிதானே? ஆனால் நம்ம ஊரில் சாயங்காலம் எல்லோரும் மோட்டார் போட்டதும் லைன் 180-க்கு இறங்கினால்? செகண்டரி 7 வோல்ட்தான். பள்ளம் 6.2-க்குப் போய்விடும், அவுட்புட்டில் 100 ஹெர்ட்ஸ் உறுமல் வரும்.

12 வோல்ட் டிரான்ஸ்ஃபார்மர் போடலாமே என்பீர்கள். போடலாம், ஆனால் லைன் 230-இல் இருக்கும்போது 7805 நாலரை வாட்டுக்கு மேல் சூடாக எரிக்கணும். 9 வோல்ட்டிலேயே இரண்டரை வாட் ஆகிறது. ஹீட் சிங்க் இல்லாவிட்டால் ஐ.சி. சூடேறித் தானாகவே நின்றுவிடும். என் கட்சி, 9 வோல்ட்டையே வைத்துக்கொண்டு கெப்பாசிட்டரை 4700 ஆக்குவது. ரிப்பிள் பாதியாகும், 180-இலும் பள்ளம் 7-க்குக் கீழே போகாது. 25 வோல்ட் ரகமாக வாங்குங்கள். பிளஸ் மைனஸ் மாறினால் வெடிக்கும்.

முதல் தடவை நேராக பிளக்கில் செருகாதீர்கள். 40 வாட் குண்டு பல்பை சீரிஸில் போட்டுக்கொள்ளுங்கள், எல்.இ.டி. உதவாது. லோடு இல்லாமல் சுவிட்சைப் போட்டதும் பல்பு ஒரு மினுக்கு மினுக்கி அணைந்தால் சரி. நின்று எரிந்தால் எங்கேயோ ஷார்ட். சுவிட்சை அணைத்து, பிளக்கைப் பிடுங்கிவிட்டு டயோடு திசையை முதலில் பாருங்கள்.